கேஸ் மாத்திரையும் ஆஃப்பாயில் முட்டையும்

மருந்துச் சீட்டில் வேறு என்ன இருந்தாலும், காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு பான்டப்ரசோல் 40 பெரும்பாலும் இருக்கும். நம் ஊரில் அதற்குப் பெயர் கேஸ் மாத்திரை. சீட்டே இல்லாமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது குறைப்பது வயிற்று அமிலத்தை. அந்த அமிலம் அங்கே என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் கவலை.

அமிலம் எவ்வளவு கடுமை என்று காட்டும் எண் பிஎச்; எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பிஎச் மதிப்பு 2-ஐ ஒட்டியே இருக்கும். பிஎச் 3-க்குக் கீழே இருந்தால், சாப்பாட்டோடு உள்ளே போகும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கால் மணி நேரத்திலேயே செத்துப்போகும். 4-ஐத் தாண்டிவிட்டால் பல பிழைத்துக்கொள்ளும். 2-க்கும் 4-க்கும் இடையே எண்ணில் இரண்டுதான் வித்தியாசம். அமிலச் செறிவில் அது நூறு மடங்கு.

இதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில் தன்னார்வலர்களுக்குக் காலரா கிருமியைக் குடிக்கக் கொடுத்தார்கள். அப்படியே கொடுத்தபோது, வயிற்றுப்போக்கு வர 10 கோடிக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா, கொடுத்து அமிலத்தை முறித்துவிட்டுக் கொடுத்தபோது 10 லட்சமே போதுமாக இருந்தது. கிருமி அதேதான், ஆளும் அதே மாதிரி ஆள்தான். நோயை உண்டாக்கத் தேவையான அளவு மட்டும் நூறில் ஒன்றாகச் சரிந்தது.

மாத்திரை வேலை செய்யும் விதம் அழகானது. இரைப்பையில் கரையாதபடி அதன்மேல் ஒரு பூச்சு உண்டு. சிறுகுடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களுக்கு வந்து சேர்கிறது. அதுவரை அது செயலற்ற மருந்துதான். அந்தச் செல்லின் நுண்ணிய மடிப்புகளில் அமிலம் பட்டதும் உருமாறி, அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்ப் என்ற புரதத்தோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. ரத்தத்தில் மருந்து சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். மாட்டிக்கொண்ட பம்ப் பெரும்பாலும் மீள்வதில்லை, செல் புதிய பம்ப்பைச் செய்தாக வேண்டும். ஒரு மாத்திரை நாள் முழுக்கத் தாங்குவது இதனால்தான். ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை மட்டுமே இந்த மருந்தால் பிடிக்க முடியும். பம்ப்புகள் ஓடத் தொடங்குவது சாப்பிடும்போது. அதனால்தான் அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்து நெஞ்சு எரிந்த பிறகு போடுவதில் பலன் குறைவு.

அப்படியானால் இதைப் போடுகிறவர்களுக்கு வயிற்றுக் கிருமித் தொற்று கூடுகிறதா? கூடுகிறது, ஆனால் பதறும் அளவுக்கு இல்லை. 2019-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இதய, ரத்தநாள நோயுள்ள 17,598 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் பான்டப்ரசோல் 40 மி.கி., மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகளில் குடல் தொற்று வந்தவர்கள் முதல் பிரிவில் 1.4 சதவீதம், மற்றதில் 1.0 சதவீதம். எலும்பு முறியும், நிமோனியா வரும் என்று இந்த மாத்திரையைப் பற்றி உலவிய மற்ற அச்சங்களுக்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. குடல் தொற்று மட்டும்தான் தெளிவாக நின்றது.

இந்தக் கணக்கில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. அமிலம் முழுதாக இருக்கும்போதே சில உணவுகள் கிருமியைக் காப்பாற்றிவிடும். பிஎச் 2.5 அமிலத்தில் சாதாரணமாகச் செத்துப்போகும் கிருமிகள், அரைத்த மாட்டிறைச்சியிலோ வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவிலோ ஒட்டிக்கொண்டால் பிழைத்துவிடுகின்றன என்று 1998-இலேயே காட்டியிருக்கிறார்கள். உணவின் புரதம் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது. முட்டை, கோழி வழியாக வரும் சால்மொனெல்லா என்ற கிருமிக்கு இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: லேசான அமிலத்தில் சிறிது நேரம் இருந்தால், கடும் அமிலத்தைத் தாங்கும் புரதங்களைத் தயார் செய்துகொள்ளும்.

ஆகவே, தினமும் இந்த மாத்திரை போடுகிறவர் ஆஃப்பாயில், சரியாக வேகாத கோழி, காய்ச்சாத பால், பச்சை முட்டை மயோனைஸ் இவற்றை விட்டுவிடுவது நல்லது. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசே ஓராண்டுக்குத் தடை செய்தது. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெளியே நெடுநேரம் கிடந்த சோற்றின் சிக்கல் வேறு. பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி அதில் முன்கூட்டியே விட்டுவைக்கும் வாந்தி நச்சு அமிலத்துக்கும் அசையாது, சூடு பண்ணினாலும் போகாது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் அந்தச் சோறு ஆகாது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் எடுக்கும் இதய நோயாளிக்கு அது ரத்தக்கசிவைத் தடுக்கிறது. வயிற்றுப் புண் ஆறவும் அது வேண்டும். திடீரென நிறுத்தினாலும் வம்பு உண்டு. அமிலம் குறைந்திருந்த காலமெல்லாம் உடல் கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். தடை நீங்கியதும் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரக்கும். டென்மார்க்கில் வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரிடம் இதைப் பார்த்தார்கள். எட்டு வாரம் இதே வகை மருந்து எடுத்து நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். நிறுத்தியதும் எரிகிறது, அதனால் மறுபடி மாத்திரை என்று பலர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, இது எனக்கு இன்னும் எதற்காக, எத்தனை நாள், படிப்படியாகக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.