வெறும் வயிற்றோடு கோணேசர் மலை ஏறலாமா?

ஆனி, ஆடி மாதங்களில் திருகோணமலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் காலை ஏழரைக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். அப்படியொரு நாள், என்னிடம் பல வருடமாக மருந்தெடுக்கிற ஒரு ஐயா கோணேசர் கோயில் ஏற்றத்தில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். (ஆளைத் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது ஐம்பத்துநான்கு. மூன்று வாரமாக 16:8 விரத முறையில் இருந்தவர். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் அடுத்த நாள் பகல் பன்னிரண்டு வரை தண்ணீரும் சீனி போடாத பிளேன்ரீயும்தான். காலை ஆறரைக்குக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, மலை உச்சி வரை போய்த் திரும்புவார். மூன்று கிலோ குறைந்திருந்தது. நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

அன்றைக்குக் கை உதறி, உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்து, கண் இருண்டிருக்கிறது. பக்கத்துக் கடைப் பெடியன் ஒருவன் சீனியை அள்ளிப் போட்டு ஒரு தேநீர் கொடுத்திருக்கிறான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எழும்பி நடந்தாராம். அடுத்த நாள் என்னிடம் வந்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. "டொக்டர், சீனி வருத்தக்காரனுக்குச் சீனி குறைஞ்சால் நல்லதுதானே?"

அவருடைய கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். மெற்போமின், கிளிக்கிளசைட். இரண்டையும் வழக்கம்போல் காலை ஆறு மணிக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு நடக்கப் போயிருக்கிறார். "காலை" என்று எழுதியிருக்கிறது, அவரும் காலையில் போட்டிருக்கிறார். அவர் மேல் பிழையில்லை. கடைசியாக வந்தபோது நிறை குறைந்ததைப் பாராட்டி அனுப்பிய நான், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்காமல் விடுவதில்லை.

உள்ளே நடந்தது இதுதான். நம் உடம்பு குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. ஈரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவில். தசையில் உள்ளது அந்தத் தசையின் சொந்தப் பாவனைக்கு மட்டும். அதை இரத்தத்துக்குத் திருப்பிக் கொடுக்கத் தேவையான நொதியம் தசையில் இல்லை. ஆகவே சாப்பாடு இல்லாத நேரத்தில் மூளைக்குப் படியளப்பது ஈரல்தான். இரவு முழுக்கக் கொடுத்து, காலையில் அந்தப் பானை பாதிக்கு மேல் காலியாகிவிடும். சாதாரண ஆளுக்கு அதிலும் பெரிய ஆபத்தில்லை. ஈரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்யும், உடம்பு கொழுப்புக்கு மாறும், இன்சுலின் தானாகவே குறையும். ஆனால் கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தை அமுக்கி இன்சுலினை வெளியே தள்ளும். அந்த இன்சுலின் ஈரலின் கையைக் கட்டிவிடும். மலை ஏறுகிற கால் தசையோ இன்னொரு பக்கத்தால் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டிருக்கும். ஐயாவுக்கு உச்சிக்குப் போக முன்னமே பானை வற்றிவிட்டது.

இரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழே போனால் அது தாழ்சீனி. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். திரும்பப் பார்த்து இன்னமும் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடக்கிறவரின் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி நடப்பது அரிது. இன்சுலின் அடிப்பவருக்கும் மேலே சொன்ன வகைக் குளிசை எடுப்பவருக்கும் அரிதல்ல. குளிசையை முதற்சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கே மாறலாம். எது என்பதை உங்கள் வைத்தியர் தீர்மானிக்கட்டும், தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் என்ற சீனிக் குளிசைகளை எடுப்பவர்கள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தம் அமிலமாகிற ஆபத்து இருக்கிறது. சீனி பெரிதாக ஏறாமலே அது வரலாம் என்பதுதான் அதன் கள்ளத்தனம். வாந்தி, வயிற்று நோ, மூச்சு வாங்குதல் என்றால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அற்றனலோல், பிசோபிரலோல் மாதிரிப் பிரஷர் குளிசைகள் கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும், கச்சான் காலத்தில் வியர்வையை யார் கவனிக்கப் போகிறார்கள்? நீர் போகிற குளிசை எடுப்பவர் வெறும் வயிற்றில் நடந்துவிட்டுச் சட்டென்று குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும்.

சரி, எந்த மருந்தும் எடுக்காதவர்கள்? அவர்கள் வெறும் வயிற்றில் தாராளமாக மெதுநடை போகலாம். ஆனால் எதற்காக என்பதில்தான் எனக்கு வழக்கு.

"வெறும் வயித்தில நடந்தால்தான் கொழுப்பு கரையும்" என்று வட்ஸ்அப்பில் வருகிறது. பாதி உண்மை. நடக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் கொழுப்பு கூடுதலாக எரியும்தான். ஆனால் உடம்பு பிறகு கணக்கைச் சரி செய்துவிடும். 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 20 இளம் பெண்களை இரண்டாகப் பிரித்து, நான்கு வாரம், கிழமைக்கு மூன்று நாள், ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். ஒரு பகுதி வெறும் வயிற்றில், மற்றப் பகுதி சாப்பிட்டுவிட்டு. இரு பகுதியினரும் குறைத்த உணவில் இருந்தார்கள், நிறையும் கொழுப்பும் இரு பக்கமும் ஒரே மாதிரித்தான் குறைந்தன. விரத முறையே கூட அப்படித்தான். சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வந்தது. கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும், கலோரியைக் குறைத்து எட்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டவர்களுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அதற்காக விரத முறையை நான் எதிர்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டியும் சோடாவுமாக இருக்கிறவர் எட்டு மணிக்கு வாயை மூடினாலே லாபம்தான். கலோரி எண்ணச் சொன்னால் ஓடுகிற பலர் மணிக்கூட்டைப் பார்க்கச் சொன்னால் ஒத்துழைக்கிறார்கள். கருவி நல்லது, அதற்கு மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. "பதினாறாவது மணித்தியாலத்தில் உடம்பு தன்னைத் தானே சுத்தம் செய்யத் தொடங்கும், நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு தம்பி என்னோடு வாதாடினார். யோஷினோரி ஒசுமிக்கு 2016இல் பரிசு கிடைத்தது உண்மை. அவர் அந்தச் செயல்முறையைக் கண்டுபிடிக்கப் பாவித்தது ஈஸ்ட், பாணைப் பொங்கவைக்கிற அதே இனம். நம் உடம்பில் அது எத்தனையாவது மணித்தியாலத்தில் தொடங்கும் என்று மணிக்கூட்டை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

எனக்கு உண்மையான கவலை கொழுப்பைப் பற்றியதல்ல, தசையைப் பற்றியது.

2020இல் அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்த 16:8 ஆய்வில் நிறை குறைந்தது ஒரு கிலோவுக்கும் உள்ளேதான். அவர்களில் நேரில் வரவழைத்து உடல் அமைப்பை அளந்த பிரிவினரில், இழந்த நிறையின் பெரும்பங்கு கொழுப்பல்லாத உடற்பகுதி. தராசுக்கு அது தெரியாது, முள் இறங்கினால் நாமும் கைதட்டுகிறோம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2016இல் வந்த ஓர் ஆய்வு. எடை தூக்கிப் பழகிய 34 ஆண்கள், எட்டு வாரம், அதே 16:8. பயிற்சியையும் விடவில்லை, புரதத்தையும் குறைக்கவில்லை. கொழுப்புக் குறைந்தது, தசை நின்றது.

உப்புவெளிப் பக்கமிருந்து வந்த ஒரு அக்கா, அறுபதைத் தாண்டியவர், ஐந்து கிலோ குறைந்த பெருமையில் இருந்தார். கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை தரம் எழும்பி இருக்க முடியும் என்று பார்த்தோம். அறுபது தொடக்கம் அறுபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும். அவர் ஏழோடு களைத்துவிட்டார். தினமும் டச்பே கடற்கரையில் ஒரு மணித்தியாலம் நடக்கிறவர்! சாப்பாட்டைக் கேட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சோறு, பூசணிக்காய்க் கறி, கொஞ்சம் கீரை. நான்குக்குத் தேநீரும் கிறீம்கிறக்கரும். ஏழு மணிக்கு இடியப்பமும் சொதியும். நாள் முழுக்கப் பார்த்தாலும் புரதம் ஆப்பிடவில்லை. முந்தி இவர் மூன்று நேரம் சாப்பிட்டபோது காலையில் முட்டையோ கடலையோ இருந்தது. விரதம் வெட்டியது அந்த வேளையைத்தான்.

உடற்பயிற்சி செய்கிறவருக்கு நிறையில் கிலோ ஒன்றுக்கு 1.2 தொடக்கம் 1.6 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 65 கிலோ என்றால் குறைந்தது 78 கிராம். இரண்டே வேளையில் அதைப் பிடிப்பது லேசில்லை. நல்ல வேளை, நாங்கள் இருப்பது கடற்கரையில். சூடை, கீரி, பாரை, எதுவானாலும் 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் வரும். முட்டை ஒன்றில் 6. சைவக்காரர் பருப்பையும் கடலையையும் பயற்றையும் தயிரையும் சேர்த்துத்தான் எட்ட வேண்டும், சோற்றின் மேல் இரண்டு கரண்டி பருப்பு ஊற்றினால் காணாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, கேட்காமல் கூட்டாதீர்கள்.

நடையோடு, கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். ஜிம் தேவையில்லை. கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், படி ஏறுதல், தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல். இந்தப் பலப் பயிற்சியைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பன்னிரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் சாப்பிடுகிறவருக்குப் பின்னேரம் ஐந்து மணி நல்லது. மதியச் சாப்பாடு உள்ளே இருக்கும், பயிற்சிக்குப் பின் இராச்சாப்பாடு வரும், வெயிலும் தணிந்திருக்கும். காலையில்தான் முடியும் என்பவர் சாப்பாட்டு நேரத்தை முன்னுக்கு இழுத்து, எட்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணியோடு முடிக்கலாம். ஜிம்முக்குப் போகிற பெடியன்மார் சிலர் விடிய ஐந்து மணிக்கு எடை தூக்கிவிட்டுப் பின்னேரம் நான்கு வரை பச்சைத் தண்ணீரோடு இருக்கிறார்கள். பதினொரு மணித்தியாலம்! எதற்கு இந்தத் தவம் என்று கேட்டால் யூடியூபில் ஒருவர் சொன்னாராம்.

இன்னொன்று, புது விரதத்தையும் புது உடற்பயிற்சியையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். ஒன்று பழக இரண்டு வாரம் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். 'விரதம்' என்ற வார்த்தையே எங்கள் ஆட்களைத் தண்ணீர் குடிக்காமல் தடுத்துவிடுகிறது. இந்த உணவு முறையில் தண்ணீருக்குத் தடையே இல்லை. சாதாரண நடைக்கு ஜீவனி கரைத்துக் குடிக்கவும் தேவையில்லை. அதில் குளுக்கோஸும் உப்பும் இருக்கிறது, பிரஷர்காரர் தினமும் குடிக்கிற பானமல்ல.

சமய விரதம் வேறு கணக்கு. கேதாரகௌரி விரதம் 21 நாள், ஒரு நேரச் சாப்பாடு, தீபாவளி அமாவாசையோடு முடியும். அடுத்த நாளே கந்தசஷ்டி தொடங்கும், ஆறு நாள், சிலருக்குப் பாலும் பழமும், சிலருக்கு மிளகும் தண்ணீரும்தான். இரண்டையும் விடாமல் பிடிக்கிற அம்மாமார் இருக்கிறார்கள், இருபத்தேழு நாள் ஒரே இழுப்பு. அந்த நாட்களில் நான் அவர்களை உடற்பயிற்சி செய்யச் சொல்லுவதில்லை. கோயில் வீதி சுற்றுவது போதும். குளிசை நேரத்தைத்தான் முதலே வந்து பேசச் சொல்லுவேன்.

றமழான் நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெடியன்மார் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன் பந்தடிக்கப் போவதுண்டு. பகல் முழுக்கத் தண்ணீரும் இல்லாத உடம்பு அது. திறப்பதற்கு முன் மெதுநடை போதும், பந்தைத் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் நோன்புக்கு ஆறு தொடக்கம் எட்டு வாரம் முன்னமே வைத்தியரைச் சந்திப்பது நல்லது. விரலில் குத்திச் சீனி பார்ப்பது நோன்பை முறிக்காது என்றே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலும் சொல்லுகிறார்கள். 70க்குக் கீழே அல்லது 300க்கு மேலே காட்டினால் அன்றைய நோன்பை விட்டுவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், முதலாம் வகை நீரிழிவுக்காரர், சாப்பாட்டைப் பற்றிய மனநோய் இருந்தவர்கள் இந்த 16:8 பக்கமே போக வேண்டாம்.

கோணேசர் மலை ஐயா இப்போது காலை எட்டுக்குச் சாப்பிட்டுப் பின்னேரம் ஆறோடு முடிக்கிறார். பதினாறு மணித்தியாலம் பதினான்காகிவிட்டது, எனக்கு அதில் வருத்தமில்லை. கிளிக்கிளசைட்டை நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறேன். நடை பின்னேரம் ஐந்து மணிக்கு, சட்டைப் பையில் நான்கு டொபி. கடைப் பெடியன் இன்னமும் கண்டால் கூப்பிட்டுக் கேட்கிறானாம், "ஐயா, இண்டைக்கு ரீ வேணுமோ?"