இதயத் துடிப்பு ஆய்வில் இருக்கும் இளம் டாக்டர்களுக்கு: உங்கள் 10 வருடத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள்?

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச், முதல் பெரிய மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் சிலரைத் 'தொடக்கநிலை ஆய்வாளர்' என்று தனியாக அடையாளப்படுத்துகிறது. சுருக்கமாக ஈ.எஸ்.ஐ என்பார்கள். நம் ஊர் தொழிலாளர் காப்பீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தரமான விண்ணப்பத்தோடு இந்தத் தகுதியும் இருந்தால் ஆர்01 எனப்படும் அந்தப் பெரிய ஆய்வு மானியத்தில் முன்னுரிமை உண்டு. ஆய்வுப் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ, எது பிந்தி முடிந்ததோ அதிலிருந்து 10 வருடம். விதி அவ்வளவுதான்.

அந்த 'எது பிந்தி' என்பதில்தான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டர் 2012-இல் எம்.பி.பி.எஸ் முடித்தவர். 2015-இல் அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியில் சேர்ந்தார். அது 3 வருடம், கார்டியாலஜி 3 வருடம், துடிப்புக் கோளாறுகளுக்கான எலக்ட்ரோபிசியாலஜி 2 வருடம். பயிற்சி முடிந்தது 2023-இல். கணக்குப்படி 2033 வரை அவருக்குத் தகுதி உண்டு. ஆனால் ஈ.ஆர்.ஏ காமன்ஸ் என்னும் என்.ஐ.எச் இணையதளக் கணக்கில் அவர் எம்.பி.பி.எஸ் தேதியை மட்டுமே போட்டிருந்தார். 2022-லேயே தகுதி முடிந்துவிட்டது என்று திரை காட்டியது. பயிற்சியே முடியாத வருடம் அது! துறையின் மானிய அலுவலகத்தில் கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்றார்கள். உதவி மையத்துக்கு எழுதினால் "உங்கள் நிறுவனத்தைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. கடைசித் தேதிக்கு இரண்டே வாரம் இருந்தபோதுதான், கல்விப் பகுதியில் பயிற்சி முடிந்த தேதியை அவரே சேர்த்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். பத்து நிமிட வேலைக்கு ஒரு மாத அலைச்சல்.

அதனால் இன்றைக்கே உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். ரெசிடென்சி, ஃபெல்லோஷிப் (அதற்குப் பிந்தைய சிறப்புத் துறைப் பயிற்சி) தேதிகளைச் சேர்த்துவிட்டு, தகுதி முடியும் நாள் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, பாசத்தோடு வருகிற ஆபத்து. "என் பெயரையும் முதன்மை ஆய்வாளராகப் போடு, விண்ணப்பத்துக்கு வலு" என்பார் வழிகாட்டி. போடாதீர்கள். பல முதன்மை ஆய்வாளர்கள் இருந்தால் எல்லோருமே தொடக்கநிலை ஆய்வாளர்களாக இருந்தால்தான் முன்னுரிமை. அவர் ஏற்கெனவே ஆர்01 வாங்கியவர் என்றால் உங்கள் சலுகையும் போயிற்று. அதைவிட மோசம், அந்த மானியம் கிடைத்துவிட்டால் உங்கள் ஈ.எஸ்.ஐ தகுதி அதோடு தீர்ந்துவிடும். அவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்21, ஆர்03 போன்ற சிறிய ஆய்வு மானியங்களோ, கே வகைத் தொழில்வளர்ச்சி மானியங்களோ வாங்கினால் தகுதி போகாது. போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

இந்த 10 வருடத்துக்குள் குழந்தை பெற்றவர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டு. நோய், குடும்பத்தாரைப் பராமரித்தல் போன்றவற்றுக்கும் கேட்கலாம். தானாக வராது, அதே கணக்கில் நீங்கள்தான் கேட்க வேண்டும். விண்ணப்பம் போடும் நாளில் தகுதி இருக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் விசா. "விசாவில் இருப்பவர்களுக்கு என்.ஐ.எச் பணம் கிடையாது" என்று அலுவலகங்களில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆர்01-க்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. திட்டக் காலம் முழுக்க நீங்கள் அங்கே இருக்க முடியும் என்பதை உங்கள் நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். கே வகையில் கே99-க்கும் விசாக்காரர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் கே08, கே23 இரண்டுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ கட்டாயம். அதையும் விண்ணப்பிக்கும்போதே கேட்பதில்லை, மானியம் வழங்கும் நேரத்தில் கையில் இருந்தால் போதும். கிரீன் கார்டு வரும் தறுவாயில் இருப்பவர்களைக் காத்திருக்கச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், மானிய அறிவிப்பின் தகுதிப் பகுதியை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.