முகம் பார்க்கும் கண்ணாடி

"நாங்க பேசுறது இவருக்குக் கேக்குமா டாக்டர்?" கடலூர்-புதுச்சேரி சாலையில் தலையில் அடிபட்டு வருகிறவர்களின் வீட்டார் தவறாமல் கேட்பது இது. நரம்பியல் மருத்துவனாகப் பல வருடம் நான் சொன்ன பதில், "பேசிப் பாருங்கம்மா". பாதி ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர். கோமாவில் கிடந்து மூன்றாவது வாரம் கண் திறந்தார். வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். மனைவி மட்டும், "பாக்குறாரு, ஆனா எங்களைப் பாக்கல" என்றார். நூற்றுக்கு நூறு சரி. விழிப்பு வேறு, உணர்வு வேறு. தூங்கி விழிக்க வைப்பது மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டிலுள்ள நரம்பு வலைப்பின்னல். 1949இல் மொருஸி, மகூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைகளை வைத்துக் காட்டியது. அது பிழைத்தாலே கண் திறந்துவிடும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி.

2006இல் நரம்பியல் விஞ்ஞானி ஏட்ரியன் ஓவனின் குழு, விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எதற்கும் பதில் காட்டாத 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னது. நலமாக இருப்பவர்களுக்கு மூளையில் எந்த இடம் வேலை செய்ததோ அதே இடம் அவருக்கும் வேலை செய்தது. 2024இல் வந்த பெரிய ஆய்வில், சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை இப்படிப் பதில் சொல்லியிருக்கிறது. எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அதே ஆய்வில், கட்டிலிலேயே சொன்னதைச் செய்த 112 பேரில் 43 பேருக்குத்தான் கருவியில் பதில் பதிவானது. ஆகவே கருவி 'இல்லை' என்றாலும் நான் அதை முடிவாக எடுப்பதில்லை.

இந்தச் சோதனைக்கு நம் ஊரில் எங்கே போவது? அதை விடுங்கள். மீனவரிடம் நான் டார்ச் அடித்தேன், பேனாவை ஆட்டினேன், விழி அசையவில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு கைக்கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல நகர்த்தினார். கண் கூடவே போனது! தன் முகத்துக்கு மூளை கொடுக்கும் மரியாதை பேனாவுக்குக் கிடைப்பதில்லை. பாடத்தில் இருப்பதுதான், நான்தான் செய்யவில்லை.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். காலையில் இருக்கும் உணர்வு மாலையில் இல்லாமல் போகலாம். தூக்க மருந்தும் மறைக்கும். மூக்குக் கண்ணாடி போடுபவரானால் போட்டுவிடுங்கள். ஏதாவது அசைவு தெரிந்தால் செல்போனில் எடுத்து வைத்து எங்களிடம் காட்டுங்கள்.

அன்று சாயங்காலம் அவர் மச்சான்கள் கட்டிலோரம் நின்று படகை விற்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வெளிய போய்ப் பேசுங்கண்ணே" என்றார்.