ஆத்தங்குடி அச்சும் மூடுல் படிவமும்

ஆத்தங்குடியில் பூக்கல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூ நிற்கும். காரைக்குடியில் ஆசிரியர்களுக்கு மூடுல் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் இந்த அச்சைத்தான் நினைவுபடுத்துவேன்.

மூடுல் என்பது பாடங்களையும் ஒப்படைப்புகளையும் இணையத்தில் நடத்த உதவும் கற்றல் மேலாண்மை மென்பொருள். மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2002-இல் வந்தது. இதில் புதிதாக ஓர் ஒப்படைப்பு சேர்க்கப் போனால் நீளமாக ஒரு படிவம் விரியும். அந்தப் படிவத்தை யாரும் வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் கட்டம் கட்டமாக எழுதி வைக்கவில்லை. நிரலர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு விவரிப்பு மட்டும் எழுதுகிறார்: பெயருக்கு ஓர் எழுத்துப்பெட்டி, அது காலியாக இருக்கக் கூடாது, கடைசி நாளுக்கு ஒரு தேதிப்பெட்டி, வேண்டாதவர்கள் அதை அணைத்து வைக்கலாம். பெட்டிகளின் பெயர்கள் மொழிக்கோப்பிலிருந்து வருகின்றன. அதனால் மொழியை மாற்றினால் அவையும் மாறும். இந்த விவரிப்புதான் இங்கே அச்சு; அதை வைத்துப் பக்கத்தை வரைவது மூடுலின் வேலை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, படிவத்தை வரைய உதவிய அதே விவரிப்பே காவலும் காப்பதுதான். தொடங்கும் நாளை 10 என்றும் கடைசி நாளை 5 என்றும் தவறாகப் போட்டுச் சேமிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் அந்த விவரிப்பை மறுபடி எடுக்கிறது. முதலில், படிவத்துக்குள் மறைவாக வைத்து அனுப்பிய அமர்வுச் சாவி திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்கும். வேறொரு தளம் உங்கள் பெயரில் படிவத்தை அனுப்பிவிடாமல் தடுப்பது அந்தச் சாவிதான். அப்புறம் ஒவ்வொரு விடையையும் அதற்குச் சொன்ன வகைப்படி சுத்தம் செய்யும்: எண் என்றால் எண், வெறும் எழுத்து என்றால் எழுத்து. விவரிப்பில் இல்லாத பெட்டியை யாராவது இடையில் செருகி அனுப்பினாலும், அது உள்ளே போகாது. கடைசியாகத் தேதிகளை ஒப்பிட்டு, கடைசி நாள் முந்தி வருவதைக் கண்டுபிடிக்கும்.

சரி, தவறு என்றால் என்ன ஆகும்? அதே படிவம் திரும்ப வரும். தேதிப்பெட்டியை ஒட்டிச் சிவப்பு எழுத்தில் காரணம் இருக்கும். அரைமணி நேரம் தட்டிய விளக்கம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் அதன் பெட்டியிலேயே இருக்கும். புதிதாகப் பழகும் ஆசிரியர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அவர்களுடைய பெரிய பயமே தட்டியது போய்விடும் என்பதுதான்.

அடுத்த வாரம் அதே ஒப்படைப்பைத் திருத்தப் போகும்போதும் விவரிப்பு அதேதான். தரவுத்தளத்தில் இருக்கும் மதிப்புகளை மூடுல் ஒவ்வொரு பெட்டியிலும் ஊற்றிக் கொடுக்கிறது.