பேட்டரி: மின்கலமா, மின்கல அடுக்கா?

சேலம் பக்கத்துக் கிராமங்களில் "அந்த பேட்டரியை எடுத்துட்டு வாப்பா" என்று ஒருவர் சொன்னால் அவர் கேட்பது டார்ச் லைட். அதற்குள் போடுவதற்குப் பெயர் கட்டை. ரெண்டு கட்டை பேட்டரி, மூணு கட்டை பேட்டரி என்று சொல்லித்தான் கடையில் வாங்குவார்கள். ஏற்காட்டில் ராத்திரி காப்பித் தோட்டக் காவலுக்குப் போகிறவருக்கு, எதிரே காட்டெருமை நிற்கிறதா என்று தூரத்திலிருந்தே அடித்துப் பார்க்க மூணு கட்டையாவது வேண்டும். ஒரு கட்டை 1.5 வோல்ட், மூன்றையும் வரிசையாகப் போட்டால் 4.5 வோல்ட், அவ்வளவுதான் கணக்கு. இதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டு 'மின்கலம்' என்று எழுதப் பழகியிருக்கிறோம். அதில் தப்பில்லை. ஆனால் தனியாக இருப்பது ஒன்று, பல சேர்ந்து ஆவது இன்னொன்று என்ற வேறுபாடு அந்தப் பேச்சில் சுத்தமாக இருக்கிறது, நம்முடைய செய்தித் தமிழில் இல்லை.

பேட்டரி என்ற சொல்லுக்கு மூலம் 'அடி'. பிரெஞ்சில் அடிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்து, முதலில் கோட்டைச் சுவரை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்குப் பெயரானது. மின்சாரத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1749-ல் எழுதிய கடிதம் ஒன்றில், 11 கண்ணாடிப் பலகைகளின் இரு பக்கமும் ஈயத்தகடு வைத்து ஒன்றோடொன்று இணைத்த அமைப்பை 'மின் பேட்டரி' என்று குறிப்பிடுகிறார். வேடிக்கை என்னவென்றால் அது பேட்டரியே இல்லை. தானாக மின்சாரம் உண்டாக்காது, கொடுத்ததைத் தேக்கி வைக்கும், இன்றைக்கு நாம் மின்தேக்கி என்கிறோமே அந்த இனம். வேதிவினையால் மின்னோட்டம் தந்த முதல் அமைப்பு 1800-ல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா செய்தது. துத்தநாக வில்லை, வெள்ளி வில்லை, நடுவில் உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டை, மறுபடி துத்தநாகம், வெள்ளி என்று மேலே மேலே அடுக்கினார். அதனால்தான் இத்தாலியனிலும் பிரெஞ்சிலும் இன்றைக்கும் அதற்குப் பெயர் 'அடுக்கு' என்ற பொருளில் இருக்கிறது.

ஆகவே தமிழில் 'மின்கல அடுக்கு' என்று வைத்தவர்கள் விஷயம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். கலம் என்பதும் நல்ல தேர்வு. பானை, பாத்திரம் என்பது அதன் பழைய பொருள். புறநானூற்றில் குயவரைக் 'கலம்செய் கோ' என்றே அழைக்கிறார்கள். கப்பலும் கலம், நெல் அளப்பதும் கலம். ஆரம்ப கால மின்கலங்கள் கண்ணாடி ஜாடியிலும் மண்பாத்திரத்திலும் அமிலத்தை ஊற்றிச் செய்தவை என்பதால் 'செல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான, 'சின்ன அறை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைவிட நம் சொல் பொருளுக்கு இன்னும் நெருக்கம் என்பது என் எண்ணம். (இலங்கைத் தமிழில் உயிரணுவுக்கும் கலம் என்றுதான் பெயர்.)

சரி, எதற்கு எது? கார் பேட்டரி 12 வோல்ட், உள்ளே ஏறக்குறைய 2 வோல்ட் தரும் ஆறு ஈய-அமிலக் கலங்கள். அது மின்கல அடுக்கு. மின் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் இருப்பதும் அடுக்குதான். செல்பேசியில் பெரும்பாலும் ஒரே ஒரு லித்தியம் அயனிக் கலம், 3.7 வோல்ட் சொச்சம். அதை மின்கலம் என்றால் போதும். பேச்சில் எல்லாவற்றையும் பேட்டரி என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆய்வுச் செய்தியை எழுதும்போதுதான் கவனம் வேண்டும், ஏனென்றால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிற ஸ்கூட்டருக்கு (ஆளும் வண்டியுமாக 200 கிலோ, ஏற்றம் 1,100 மீட்டர் என்று வைத்தால் உயரம் ஏற மட்டும் 0.6 யூனிட் மின்சாரம்) அடுக்கின் கொள்ளளவு முக்கியம், ஆய்வகத்தில் முன்னேற்றம் என்று வருவதோ அநேகமாக ஒற்றைக் கலத்தில், அதுவும் சட்டைப் பொத்தான் அளவுக் கலத்தில் நடந்த சோதனை. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டு, 'வண்டிக்கு எப்போது வரும்' என்று வாசகர் கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

பேட்டரி ஆய்வில் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லித்தியம் கோபால்ட் ஆக்சைடை மின்வாயாக (கலத்துக்குள் மின்சாரம் போய்வரும் முனை, எலெக்ட்ரோடு) பயன்படுத்தலாம் என்று 1980-ல் காட்டியது ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு. 2019-ல் அவருக்கும் விட்டிங்ஹாம், யோஷினோ இருவருக்கும் லித்தியம் அயனிக் கலத்துக்காக வேதியியல் நோபல் கிடைத்தபோது, 97 வயதான குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர் தமிழ்நாட்டில் பிறந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் ஆறுமுகம் மந்திரம்.

சேலத்துக்காரருக்கு இன்னொரு ஈர்ப்பு மெக்னீசியம். கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டு உலைச் செங்கல்லுக்கு அனுப்புவார்கள், ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். மெக்னீசிய உலோகம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 3,833 மில்லி ஆம்பியர் மணி மின்னூட்டம் கொள்ளும், லித்தியம் 2,062 தான். இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தில் 2000-ல் திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய மெக்னீசியக் கலத்தைச் செய்தும் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால் மெக்னீசிய அயனிக்கு இரட்டை மின்னூட்டம். போய் உட்காரும் பொருளின் அணுக்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகர மாட்டேன் என்கிறது. அந்தக் கலத்தின் மின்னழுத்தமும் ஒரு வோல்ட்டைச் சுற்றித்தான். வெள்ளைக்கல் இருப்பதாலேயே சேலத்தில் நாளைக்கு பேட்டரி ஆலை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி எனக்குப் பிடிக்காத இரண்டு சொற்கள். முதலாவது 'துணை மின்கலம்'. திரும்பத் திரும்ப மின்னேற்றிப் பயன்படுத்தும் கலத்துக்குப் பாடநூல் தரும் பெயர் இது. 1859-ல் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே ஈய-அமிலக் கலம் செய்தபோது அதை இன்னொரு கலத்தால்தான் ஏற்ற முடிந்தது, அதனால் இரண்டாம் நிலைக் கலம் என்றார்கள், சரி. இப்போது எதற்கு அது துணை? மறுஏற்று மின்கலம் என்றால் யாருக்கும் புரியும்.

அடுத்தது இன்னும் மோசம். ஆனோடை (ஆக்சிஜனேற்றம் நடக்கும் மின்வாயை) நேர்மின்வாய் என்று எழுதுவது பழக்கம். ஆங்கில அறிவியலாளர் ஃபாரடே 1834-ல் விவெல் என்ற அறிஞரைக் கேட்டு வாங்கிய அந்த கிரேக்கச் சொல்லுக்கு 'ஏறும் வழி' என்று பொருள், நேர், எதிர் எதுவும் அதில் கிடையாது. மின்சாரத்தைச் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் ஆனோடு நேர்முனை. ஆனால் கட்டையைப் போட்டு விளக்கை எரிக்கும்போது அதன் துத்தநாகக் கூடு ஆனோடு, அதுவே எதிர்முனை. 'நேர்மின்வாய் எதிர்முனையாக இருக்கும்' என்று எழுதினால் பையன் என்னவென்று படிப்பான்? பேட்டரியைப் பற்றி எழுதும்போது ஆனோடு, கேத்தோடு என்றே வைத்துக்கொண்டு, ஆக்சிஜனேற்றம் நடக்கும் மின்வாய், ஒடுக்கம் நடக்கும் மின்வாய் என்று முதல் இடத்திலேயே ஒரு தடவை சொல்லிவிடலாம்.