கிணற்றில் கூடிய நைத்திரேற்று: குவாரி வெடியா, வயல் யூரியாவா?

குளத்தின் கீழ் காலபோகமும் சிறுபோகமும் செய்யும் வன்னி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வயலுக்கு மேற்புறத்தில் கருங்கல் குவாரி தொடங்கிய பின் அவரது கட்டுக்கிணற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டிவிட்டது. ஊரவர் வெடிமருந்தைச் சொல்கிறார்கள், குவாரி நடத்துபவர்கள் யூரியாவைச் சொல்கிறார்கள். இதைத் தீர்க்க வழி உண்டா?

இரு தரப்பும் சொல்வது நடக்கக்கூடியதே. குவாரிகளில் பெரிதும் பயன்படும் வெடிமருந்து, அமோனியம் நைத்திரேற்று மணிகளில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவில் டீசல் கலந்தது. அது தண்ணீரில் உப்பைப் போலக் கரையும். ஈரமான துளையில் இட்டாலும், துளையின் வாயில் சிந்தினாலும், முழுமையாக வெடிக்காமல் எஞ்சினாலும், அடுத்த மழை அதை நிலத்துக்குள் கொண்டுபோகும். வயலில் இடும் யூரியாவும் மண் பற்றீரியாக்களால் இறுதியில் நைத்திரேற்றாகவே மாறுகிறது. ஆய்வுகூடத்தின் வழக்கமான சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

கண்காணிப்பின் அடிப்படை எளிது. குவாரிக்கு மேற்புறத்தில் ஒரு கிணறு, குவாரிக்கும் வயலுக்கும் இடையில் ஒன்று, வயலுக்குக் கீழே ஒன்று வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் அமையாமல் இருந்து, அவற்றின் நீர்மட்டத்தை ஒரே பொதுமட்டத்திலிருந்து அளந்தால் நிலத்தடி நீர் எத்திசையில் நகர்கிறது என்பது தெரியும். ஆனால் புவியியலாளர் 'வன்னித் தொகுதி' என்று பெயரிட்டிருக்கும் பழம்பாறைப் பகுதியில் நீர், மேலே உக்கிய பாறைப் படையிலும் கீழே வெடிப்புகளிலும் நகர்வதால், ஆழமற்ற கட்டுக்கிணற்றையும் குழாய்க்கிணற்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். குழாய்க்கிணற்றில் தேங்கி நின்ற நீரை முதலில் இறைத்துவிட வேண்டும். மின்கடத்துதிறன் மானியின் இலக்கம் ஏறி இறங்குவதை நிறுத்தி ஒரே இடத்தில் நின்ற பிறகே போத்தலை நிரப்ப வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் கிடைப்பது அளவு மட்டுமே, மூலம் அல்ல. மூலத்தைக் காட்டுவது நைத்திரேற்றில் உள்ள மூன்று ஒட்சிசன் அணுக்கள். ஒட்சிசனில் நிறை 16 உடைய சாதாரண அணுவும், நிறை 18 உடைய அரிய பாரச் சமதானியும் (அதே மூலகத்தின் நிறை கூடிய அணு) உண்டு. கடல்நீரைப் பூச்சியமாகக் கொண்டால், வளிமண்டல ஒட்சிசனில் பாரச் சமதானி ஆயிரத்துக்கு 23.5 பங்கு கூடுதலாக இருக்கிறது. மழையிலும் நிலத்தடி நீரிலும் அது பூச்சியத்துக்குக் கீழே இருக்கும். தொழிற்சாலையில் அமோனியாவை வளியில் எரித்து நைத்திரேற்று செய்யும்போது ஒட்சிசன் பெரும்பாலும் வளியிலிருந்தே வருவதால், அதில் இந்தக் கூடுதல் (இதையே இனிப் பெறுமானம் என்கிறேன்) 20ஐ அண்மித்து நிற்கிறது. மண் பற்றீரியாக்களோ யூரியாவிலிருந்து நைத்திரேற்றைக் கட்டும்போது, மூன்று ஒட்சிசன் அணுக்களில் ஏறத்தாழ இரண்டை நீரிலிருந்தும் ஒன்றை வளியிலிருந்தும் எடுக்கின்றன. நீரின் பெறுமானம் −6 என்று வைத்துக்கொண்டால், அப்படிப் பிறந்த நைத்திரேற்று 4க்கு அண்மையில் வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் எங்கிருந்து மூச்செடுத்தது என்ற கணக்கு உப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெடிமருந்தின் நைதரசனில் பாதி அமோனியமாக இருக்கிறது. அது மண்ணில் மாறும்போது யூரியாவைப் போலவே குறைந்த பெறுமானத்தைத் தரும் என்பதால், குவாரியிலிருந்து வந்த கலவை 20க்கும் 4க்கும் நடுவே நிற்கலாம். நீர் தேங்கிய வயலில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒட்சிசன் அற்ற சேற்றில் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சிதைக்கும்போது இலேசான அணுக்களையே முதலில் எடுப்பதால், மிஞ்சியது தானாகவே பாரமாகும். இங்கே நைதரசன் துணைக்கு வருகிறது. அதிலும் ஒரு பாரச் சமதானி உண்டு; அதற்கு வளியிலுள்ள நைதரசனையே பூச்சியமாகக் கொள்வார்கள். சிதைவு நடந்திருந்தால் நைதரசனின் பாரமும் சேர்ந்தே, ஒட்சிசனைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் கூடும். நைதரசன் பூச்சியத்துக்கு அருகில் இருக்க ஒட்சிசன் மட்டும் உயர்ந்திருந்தால் தொழிற்சாலை நைத்திரேற்றையே சந்தேகிக்க வேண்டும். மலசலகூடக் குழியோ மாட்டெருவோ காரணமென்றால் நைதரசன் 10ஐத் தாண்டுவது வழக்கம். சொட்டுநீர்த் தோட்டங்களில் கல்சியம் நைத்திரேற்றுப் பசளை இடுகிறார்களா என்பதையும் விசாரித்துவிட வேண்டும், ஏனெனில் அதுவும் தொழிற்சாலையில் பிறந்ததே.

இந்த அளவீட்டுக்கு, அணுக்களை நிறைப்படி பிரித்து அளக்கும் திணிவு நிறமாலைமானி வேண்டும். வவுனியாவில் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய, பொறியியல் பீடங்களும் இருக்கையில், வடக்குக்கென்று அத்தகைய ஓர் ஆய்வுகூடத்துக்குப் பணம் ஒதுக்குவது ஆடம்பரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. கல் அகழ்வு அனுமதிக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கலாம். முதல் வெடி வைப்பதற்கு முன்பே ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் நீரை அளந்து பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத ஊரில் சான்று தேடும் சுமை முழுவதும் விவசாயியின் தலையில் விழுகிறது.

வாசகர் முடிவுக்காகக் காத்திருக்கும்வரை, அந்த நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நீர் ஆவியாகி நைத்திரேற்று அப்படியே நிற்பதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழப்பதற்குக் கூடிய நைத்திரேற்று காரணமாகலாம். வேறு கிணற்று நீரைப் பயன்படுத்துவதென்றால், அதையும் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள்.