பெருக்கல் கூட்டலாகும் இடம்: ஒரு கண்ணாடிப் பூட்டின் உள்ளே

பாளையங்கோட்டையில் என் மேசைமேல், எதையும் காக்காத பூட்டு ஒன்று ஓராண்டாகக் கிடக்கிறது. சாவியின்றித் திறக்கப் பழகுவோருக்கென்றே அக்ரிலிக்கில் செய்யப்படும், கண்ணாடி போலத் தெளிந்த பூட்டு அது. சாவியை நுழைத்தால் பித்தளை முளைகள் ஏறி இறங்குவதும், அவற்றின் தலைமேல் அமர்ந்திருக்கும் சுருள்வில்கள் சுருங்கி விரிவதும் வெளியிலிருந்தே தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு உராய்வைக் காட்டி விளக்கலாமே என்றுதான் அதை வாங்கினேன். பிறகு நானே கம்பியும் கையுமாக உட்கார்ந்து பழகியபோதுதான், பூட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் குடியிருப்பது தெரிய வந்தது.

முளைப் பூட்டின் அமைப்பு எளிது. அசையாத கூடு ஒன்று. அதற்குள் சுழலக்கூடிய உருளை ஒன்று. சாவி நுழையும் வாய் இந்த உருளையில் இருக்கிறது. கூட்டிலிருந்து உருளைக்குள் இறங்கும்படி ஐந்து கிணறுகள் வரிசையாகத் துளைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிணற்றிலும் கீழே ஒரு முளை, அதன்மேல் இன்னொரு முளை, அதற்கும் மேலே ஒரு சுருள்வில். சாவி இல்லாதபோது வில்லின் அழுத்தத்தால் மேல்முளை இறங்கி, பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்றுவிடும். நாதாங்கியில் செருகிய குச்சி கதவைத் தடுப்பதுபோல அது உருளையைத் தடுக்கும். கீழ்முளைகள் வெவ்வேறு நீளம் உடையவை. சரியான சாவியின் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு கீழ்முளையையும் அதற்கு வேண்டிய உயரத்துக்கு மட்டுமே தூக்குவதால், இரு முளைகளும் சந்திக்கும் இடம், உருளையும் கூடும் சந்திக்கும் கோட்டில் வந்து நிற்கும். இதைப் பிரிகோடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஜோடிகளும் ஒரே நேரத்தில் பிரிகோட்டில் பிரிந்து நின்றால் உருளை சுழலும்; ஒன்று தவறினாலும் சுழலாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு கீழ்முளையும் பத்து உயரங்களில் ஏதேனும் ஒன்றில் அமையலாம் என்று கொண்டால், ஐந்து முளைகளுக்கும் சேர்த்து 10 × 10 × 10 × 10 × 10, அதாவது 1,00,000 வகைகள் கிடைக்கின்றன. ஒரு சாவிக்குப் பத்து வினாடி வீதம் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பதானால், ஊண் உறக்கமின்றிப் பதினொன்றரை நாள் ஆகும். ஆனால், ஒரு முளையைச் சரிசெய்து அப்படியே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போக முடியுமானால், கணக்கு 10 + 10 + 10 + 10 + 10 என்று மாறி, 50 முயற்சிகளில் வேலை முடிந்துவிடும். பூட்டுக்குப் பாதுகாப்பைத் தருவது அந்தப் பெருக்கல் குறி ஒன்றே. அதைக் கூட்டல் குறியாக மாற்றுவதே பூட்டுத் திறக்கும் கலை. அதற்கு வழிவிடுவதோ பூட்டைச் செய்த பொறியின் சிறு பிசகு.

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு சுமையில் ஐந்து வடங்களைக் கட்டி இழுத்தால் ஐந்தும் ஒரே கணத்தில் விறைப்பதில்லை. எது மற்றவற்றைவிட ஒரு சாண் குட்டையோ அது முதலில் விறைத்துச் சுமை முழுவதையும் தாங்கும். மற்றவை தொய்ந்து கிடக்கும். அதைச் சற்று நெகிழவிட்டால் அடுத்த குட்டை வடம் விறைக்கும். பூட்டிலும் இதுவே நிகழ்கிறது. ஐந்து கிணறுகளும் மிகச் சரியான ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு அளவுக்கு ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் விலகியிருக்கும். ஆகவே, உருளையை மெல்லத் திருகினால், எல்லா மேல்முளைகளும் சேர்ந்து அதைத் தடுப்பதில்லை. எந்தக் கிணறு அதிகம் விலகியிருக்கிறதோ அதன் மேல்முளை மட்டும் கூட்டுக்கும் உருளைக்கும் இடையில் நசுங்கிப் பிடிபடும். மற்ற நான்கும் தொட்டால் துள்ளும்.

இதற்கு இரண்டே கருவிகள் போதும். எல் வடிவில் வளைத்த தகடு ஒன்று, உருளைக்குத் திருகல் கொடுப்பதற்கு. நுனி வளைந்த மெல்லிய கம்பி ஒன்று, முளைகளைத் தூக்குவதற்கு. தகட்டின்மேல் விரல் தரும் அழுத்தம், பழைய புத்தகத்தின் தாளைக் கிழியாமல் புரட்டும் அளவைத் தாண்டக் கூடாது. புதிதாகப் பழகுவோர் அனைவரும் இங்கேதான் தவறுகிறார்கள். நானும் முதல் வாரம் முழுவதும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திருகல் கூடினால் உராய்வும் கூடி, பிடிபட்ட முளை அசையவே அசையாது. குறைந்தாலோ தூக்கிய முளை நிற்காமல் வில்லின் தள்ளுதலில் கீழே விழும். அளவாகத் திருகிக்கொண்டு முளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், ஒன்று மட்டும் முரண்டு பிடிக்கும். அதை மெல்லத் தூக்க, மேல்முளையின் அடிவிளிம்பு பிரிகோட்டைக் கடக்கும் கணத்தில், உருளை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துளி சுழலும். அந்தத் துளிச் சுழற்சியால் கிணற்றின் விளிம்பில் ஒரு படி உண்டாகிறது. மேல்முளை அந்தப் படியில் உட்கார்ந்துகொள்ள, கீழ்முளை தளர்ந்து தொங்கும். உடனே அடுத்த முளை பிடிபடும். தவறி ஒரு முளையை அளவுக்குமேல் தூக்கிவிட்டால், கீழ்முளையே பிரிகோட்டில் குறுக்கே நின்றுவிடும். தகட்டைத் தளர்த்தி, எல்லா முளைகளும் சடசடவென்று விழக் கேட்டு, முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நெல்லை டவுனில் ரத வீதியோரம் குடை நட்டு, வளையம் வளையமாகச் சாவிகளைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் சாவி ரிப்பேர்க்காரர் ஒருவர் இதே தத்துவத்தைத்தான் அரத்தின் துணையால் நடத்துகிறார். சாவி தொலைந்த பூட்டைக் கொண்டுபோனால், வெட்டாத சாவி ஒன்றை விளக்குப் புகையில் காட்டிக் கருக்கி, பூட்டுக்குள் விட்டுக் குறடால் திருகி அசைத்து வெளியே எடுப்பார். பிடிபட்டு நிற்கும் முளை கரியைத் தேய்த்து அந்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி இட்டிருக்கும். அங்கே இரண்டு இழுப்பு அரம். மறுபடி கரி, மறுபடி பூட்டு. பிரிகோட்டை அடைந்த முளை புள்ளி இடுவதை நிறுத்திக்கொள்ளும். என் கண்ணாடிப் பூட்டை அவரிடம் காட்டியபோது புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல கண்ணுக்குல்லா வேலை, கைக்கு என்ன இருக்கு? மேல ஒரு துண்டப் போட்டுட்டுத் தொறங்க அண்ணாச்சி, பாப்போம்" என்றார்.

அவர் சொன்னதில் உடலியல் இருக்கிறது. விரல்நுனித் தோலின் ஆழத்தில் உள்ள பாசினி நுண்ணுறுப்புகள் வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளை மிக நன்றாக உணர்பவை. கையில் பிடித்த கருவியின் மறுமுனையில் நடப்பது கம்பியின் வழியே அதிர்வாக வந்து அவற்றைச் சேர்கிறது. பத்தமடையில் பாய் நெய்வோர் கோரையின் பதத்தை விரலால் அறிவதும், முளை படியில் அமரும் சிறு 'டிக்'கை நாம் அறிவதும் தொடுபுலனின் இந்த நுட்பத்தால்தான். ஆனால் கண் திறந்திருக்கும்போது மூளை பெரும்பாலும் கையின் சாட்சியத்தை ஏற்பதில்லை. 1964இல் இர்வின் ராக், ஜாக் விக்டர் என்னும் இருவர், சதுரத் துண்டு ஒன்றைச் செவ்வகமாகக் காட்டும் வில்லையின் வழியே ஆட்களைப் பார்க்கவைத்து, அதே துண்டைத் துணிக்கு அடியில் கையாலும் பிடிக்கச் செய்தார்கள். கை சதுரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தும், பெரும்பாலும் கண் கண்டதையே கையும் உணர்ந்ததாக அவர்கள் கூறினர். கண்ணாடிப் பூட்டில் பழகுபவருக்கும் இதே கதிதான். முளை பிரிகோட்டை எட்டுவதைக் கண் பார்த்துவிடுவதால், கை எதையும் கற்காமலே பூட்டு திறந்துவிடுகிறது. துண்டைப் போட்ட பிறகு, அரை நிமிடத்தில் திறந்துகொண்டிருந்த பூட்டு எனக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது.

வேறொரு குறையும் உண்டு. இத்தகைய பூட்டுகளில் இடைவெளிகள் தாராளமாக இருப்பதால் அவை வேண்டுமென்றே இளகிய ஆசிரியர்கள். நல்ல பூட்டுகளில் சில மேல்முளைகள் உடுக்கைபோல இடை சிறுத்திருக்கும். அந்த ஒடுங்கிய இடை பிரிகோட்டில் சிக்கும்போது உருளை கணிசமாகச் சுழன்று, திறந்துவிட்டது போலவே பாசாங்கு செய்து நின்றுவிடும். மேலே தூக்கினால் உருளை பின்னோக்கித் திரும்ப முயலும். அதற்கு இடம்கொடுத்து விரலைத் தளர்த்தத் தெரியாதவர்கள் அங்கேயே தோற்பார்கள்.

எகிப்தில் பழங்காலத்தில் மரத்தில் செய்த பூட்டுகளிலும் தொங்கும் முளைகள் இருந்தன. இன்றைய தட்டைச் சாவியையும் சிறிய உருளையையும் 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் இளையவர் உருவாக்கினார். திண்டுக்கல் பூட்டு வேறு இனம்; முளைகளுக்குப் பதிலாக லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கியது. 2019இல் அது புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் லீவர்களும் ஒருசேரப் பிடிபடுவதில்லை. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ், திறக்கவே முடியாதென்று நம்பப்பட்ட சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேய நாணயம்) பரிசென்ற அறிவிப்புடன் பல பத்தாண்டுகளாகக் கடைச் சாளரத்தில் இருந்த பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிராமாவின் பூட்டை, பதினாறு நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பில் திறந்தார். அவரும் பெருக்கலைக் கூட்டலாக்கியவரே.

பழகுவோர் சொந்தப் பூட்டில், அதுவும் கதவில் தொங்காத பூட்டில் மட்டுமே பழக வேண்டும். கம்பி பட்டு முளை தேய்ந்தால் சாவியே வேலை செய்யாமல் போகும். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதைப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 445ஆம் பிரிவிலேயே வீடுடைப்பின் வகையாகச் சேர்த்திருந்தது. இன்னொன்று: நம் பக்கத்தில் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழி வரும் ஆடிக் காற்றின் புழுதி அதில் ஒட்டிப் பிசினாகி, வில்கள் படுத்துவிடும். பென்சில் முனையைச் சீவிய கிராஃபைட் பொடியே நல்லது.

கண்ணாடிப் பூட்டால் மட்டுமே காணக்கூடிய ஒன்றும் இருக்கிறது. என் பூட்டை வலப்புறம் திருகினால் முளைகள் 3, 1, 5, 2, 4 என்ற வரிசையில் பிடிபடுகின்றன. கிணறுகளின் விலகல் மட்டுமே காரணமானால், இடப்புறம் திருகும்போது குட்டை வடம் நெட்டை வடமாகி, வரிசை அப்படியே தலைகீழாக 4, 2, 5, 1, 3 என்று வர வேண்டும். பலமுறை பார்த்தேன், 4, 5, 2, 1, 3 என்றே வருகிறது. ஐந்தாவது மேல்முளை மற்றவற்றைவிடச் சற்றுப் பருமனாக இருந்தால் எந்தப் பக்கம் திருகினாலும் தன் முறைக்கு முந்திப் பிடிபடும். வலப்புறத்தில் அதற்கு முன்னால் நிற்கும் இரண்டையும் முந்தும் அளவுக்கு அந்தப் பருமன் போதவில்லை போலும். இடப்புறத்தில் ஒன்றை முந்தப் போதுமானதாக இருக்கிறது. அந்த முளையை வெளியே எடுத்து நுண்ணளவியில் வைத்துப் பார்த்தேன்: அடுத்ததைவிட மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு கூடுதல்.